ஆஷ் துரை கதையும் பிள்ளைகள் கையில் கட்டும் கயிறும்

நீளமான பதிவு. பொறுமை இருப்பவர்கள் முழுவதும் வாசியுங்கள். பாதி வாசித்துவிட்டுக் கருத்து எழுத வேண்டாம்; வகுப்பிலும் அதை நான் அனுமதித்ததில்லை.

குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கினால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஆஷ் துரையும் வந்துவிடுவார். ஜூன் 17 அவர் சுடப்பட்ட நாள். இந்த வருடமும் அந்தக் கதை வந்தது, கூடவே சண்டையும் வந்தது. உறவினர் குழுவிலிருந்து இரண்டு பேர் வெளியேறினார்கள். பழைய மாணவர் குழுவில் ஒருவரை அட்மின் நீக்கினார். சண்டையின் கடைசியில் பொறியாளரான மருமகன் ஒருவர் இப்படி எழுதினார்: "வரலாறுன்னாலே இப்படித்தான் மாமா, ஆளுக்கொரு கதை. பள்ளிக்கூடத்துல அதை எடுத்துட்டு எக்னாமிக்ஸும் டேட்டாவும் சொல்லிக்கொடுத்தா போதும்." அதற்குப் பலர் கைதட்டினார்கள். அவர்களில் பாதிப்பேர் என்னிடம் சமூக அறிவியல் படித்தவர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சமூக அறிவியலை விட்ட வரலாறு குலப்பெருமையாகச் சீரழியும். வரலாற்றை விட்ட சமூக அறிவியல், எதைக் கூட்டுகிறோம் என்றே தெரியாத கூட்டல் கணக்காகும். இரண்டையும் பிரித்துவைத்ததன் விலையை நம் தென்மாவட்டத்துப் பிள்ளைகள் ரத்தமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஆஷ் விஷயத்திலிருந்தே தொடங்குவோம்.

எது உறுதி? திருநெல்வேலி கலெக்டர் ராபர்ட் வில்லியம் டி எஸ்கோர்ட் ஆஷ், 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில், மனைவியோடு கொடைக்கானலுக்குப் போகும் வழியில் சுடப்பட்டார். சுட்டவர் செங்கோட்டை வாஞ்சிநாதன். திருவிதாங்கூர் வனத்துறையில் வேலை பார்த்தவர். சுட்டதும் அங்கேயே தன்னையும் சுட்டுக்கொண்டார். அவர் சட்டைப்பையில் ஒரு கடிதம் இருந்தது. ஐந்து நாள் கழித்து லண்டனில் ஐந்தாம் ஜார்ஜுக்கு முடிசூட்டு விழா. அந்த மன்னன் மேல் உள்ள வெறுப்பும், ஆங்கிலேயர் சனாதன தர்மத்தை அழிக்கிறார்கள் என்ற கோபமும், 3000 பேர் சபதம் எடுத்திருக்கிறோம் என்ற பேச்சும் அந்தக் கடிதத்தில் உண்டு. பிறகு நீலகண்ட பிரம்மச்சாரி முதலான 14 பேர் மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. அதற்கு முன்பே, 1908-இல், தூத்துக்குடியில் வ.உ.சி.யின் சுதேசிக் கப்பல் கம்பெனியையும் கோரல் மில் வேலைநிறுத்தத்தையும் ஒட்டி நடந்த அடக்குமுறைக் காலத்தில் ஆஷ் அங்கே சப்-கலெக்டராக இருந்தார். இவையெல்லாம் ஆவணத்தில் உள்ளவை.

நம் குழுவில் சுற்றும் கதை வேறு. பிரசவ வலியில் துடித்த ஒரு தலித் பெண்ணை ஆஷ் தன் வண்டியில் ஏற்றி அக்ரஹாரத் தெரு வழியே கொண்டுபோனார். குற்றால அருவியில் எல்லாரும் குளிக்கலாம் என்று உத்தரவு போட்டார். அந்தக் கோபத்தில்தான் வாஞ்சி சுட்டார் என்பது கதை. இதற்கு அக்காலத்து ஆவணம் ஒன்றையும் இதுவரை யாரும் எடுத்துக் காட்டவில்லை. ஆஷ் கொலையைப் பற்றிப் பல ஆண்டுகள் தேடி எழுதிய வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதியும் ஆதாரம் இல்லை என்றே சொல்கிறார். வாஞ்சியின் கடிதத்தில் குற்றாலமும் இல்லை, அந்தப் பெண்ணும் இல்லை.

இந்த இடத்தில் நம் குழு இரண்டாகப் பிரிந்தது.

ஒரு கட்சி சொன்னது: "பார்த்தீங்களா, பொய்! அருவியில் யாரையும் யாரும் தடுத்ததே இல்லை. சாதிக்கொடுமை என்பதே வெள்ளைக்காரன் கட்டிவிட்ட கதை." மறு கட்சி சொன்னது: "ஆவணம் எழுதியவன் எவன்? அதிகாரத்தில் இருந்தவன்தானே! மக்கள் வாய்மொழிதான் எங்களுக்கு வரலாறு. அது நடந்ததுதான்."

இரண்டு கட்சியும் ஒரே தவற்றைத்தான் செய்கின்றன. ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு, இன்னொரு கேள்விக்கான பதிலைக் கொண்டுவந்து அதன்மேல் ஒட்டுகின்றன.

'இந்த நாளில், இந்த இடத்தில், இந்த ஆள் இதைச் செய்தாரா?' இது வரலாற்றின் கேள்வி. இதற்குச் சான்று வேண்டும். சான்று இல்லையென்றால் 'தெரியவில்லை' என்று நிறுத்திக்கொள்ள வேண்டும். கதை நமக்குப் பிடித்திருக்கிறது, நியாயமாக இருக்கிறது, ஒடுக்கப்பட்டவர் பக்கம் நிற்கிறது என்பதெல்லாம் சான்று ஆகாது.

'இந்த ஊரில் எந்தெந்தத் தெருவில் யார் நடக்க முடியாது? எந்த நீர்நிலையில் யார் இறங்கக் கூடாது? அந்த விதி எதனால் நிலைத்தது, எப்போது தளர்ந்தது?' இது சமூகவியல் கேள்வி. ஒரு கலெக்டர் வண்டியோட்டிய கதை பொய்த்துப்போவதால் இந்தக் கேள்விக்கான பதில் மாறிவிடாது. அதற்கான சான்று வேறு இடத்தில் மலைபோலக் கிடக்கிறது. கமுதி கோயிலில் நாடார்கள் நுழைந்ததற்காக 1897-இல் எழுந்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908-இல் நுழையக்கூடாது என்றே தீர்ப்பானது. 1899-இல் சிவகாசி பற்றி எரிந்தது. 1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாத ஐயர் தலித் மக்களையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போனார். அவரைக் காப்பாற்ற ராஜாஜி அரசு அவசரமாகச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. யாரும் யாரையும் தடுக்கவில்லையென்றால் இந்த வழக்கும் கலவரமும் சட்டமும் எதற்கு? ஆஷ் கதை பொய் என்பதை வைத்துத் தீண்டாமையே பொய் என்று வாதாடுகிறவர், திருடன் பெயரைத் தப்பாகச் சொன்னதால் திருட்டே நடக்கவில்லை என்கிறார்.

மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. அதை நம் குழுவில் ஒருவரும் கேட்கவில்லை. நடந்ததற்குச் சான்றில்லாத கதையை இத்தனை பேர் ஏன் சொல்கிறார்கள், ஏன் நம்புகிறார்கள்? இது மானிடவியல் கேள்வி. நாட்டு விடுதலைக் கதையில் தங்களுக்கு இடமே தரப்படவில்லை என்று நினைக்கும் மக்கள், அந்தக் கதையைத் திருப்பி எழுதிப் பார்க்கிறார்கள். அந்தக் கடிதத்தில் உள்ள மிலேச்சன், மாட்டிறைச்சி என்ற வசையைக் காதில் வாங்கியவர்களுக்கு, இந்த வீரன் எங்களையும் சேர்த்துத்தான் விடுதலை செய்ய வந்தாரா என்ற சந்தேகம் எழுவது இயல்பு. அந்தச் சந்தேகம் நியாயமானது. அதை வாஞ்சியை வணங்குகிறவர்களும் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். சந்தேகம் நியாயமானது என்பதற்காக, அதிலிருந்து பிறந்த கதையைச் சம்பவமாக எழுதிவைக்கவும் கூடாது. மூன்று கேள்வி, மூன்று துறை, மூன்று விதமான சான்று. மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டினால் வாட்ஸ்அப் சண்டைதான் கிடைக்கும்.

இப்போது மருமகனுக்கு வருகிறேன். "டேட்டா போதும்" என்றீர்களே மருமகனே, ஒரு கணக்குப் போடுவோம்.

திருநெல்வேலி மாவட்டத்தின் மக்கள்தொகையை 1901 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை வரிசையாக எடுத்து ஒரு கோடு வரையுங்கள். கோடு ஏறும், திடீரென இறங்கும், மறுபடி ஏறும், மறுபடி இறங்கும். வரலாறு தெரியாதவர் பஞ்சமா, கொள்ளைநோயா, ஊரைவிட்டு ஓடினார்களா என்று கட்டுரை எழுதத் தொடங்குவார். நடந்தது என்ன? 1910-இல் ராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது வடக்கே சில தாலுகாக்கள் அதற்குப் போயின. 1956 நவம்பர் 1-இல் செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து நம் பக்கம் வந்தது. 1986-இல் தூத்துக்குடி பிரிந்தது. 2019 நவம்பரில் நம் தென்காசியே தனி மாவட்டமானது. பெயர் ஒன்று, ஆனால் அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த நிலம் ஐந்து முறை வேறு வேறு. 2011 கணக்கில் தென்காசி மாவட்டம் என்று ஒன்றே கிடையாது. ஒரு எண்ணைப் பார்த்ததும் 'இது எதை எண்ணியது, எப்போது எண்ணியது, எல்லை எது' என்று கேட்பதற்குப் பெயர்தான் வரலாற்றுப் பயிற்சி. அது இல்லாமல் கணினி எவ்வளவு வேகமாகக் கூட்டினாலும் தவற்றைத்தான் வேகமாகக் கூட்டும்.

எல்லை மட்டுமா? எண்ணப்படும் பெயரே வரலாற்றில் உருவாவது. வெள்ளைக்காரன் 1871 வாக்கில் மக்கள்தொகைக் கணக்கைத் தொடங்கியபோது சாதியை எழுதிக்கொண்டான். அவன் கருத்தில் அது ஏற்கெனவே இருப்பதை எண்ணும் வேலை. எண்ணத் தொடங்கியதும் எண்ணப்பட்டவர்கள் மாறினார்கள். சங்கம் வைத்தார்கள், மனுப் போட்டார்கள், எங்களை இந்தப் பெயரால் எழுதாதே, அந்தப் பெயரால் எழுது என்றார்கள். 1910-இல் தொடங்கிய நாடார் மகாஜன சங்கத்தின் முயற்சியால் 1921-இல்தான் சென்னை அரசு பழைய பெயரை விட்டுவிட்டு 'நாடார்' என்ற பெயரை ஏற்றது. தராசில் வைத்த பொருள், எடை போடுவதைப் பார்த்துத் தன் எடையை மாற்றிக்கொண்ட கதை இது. இயற்பியலில் கல்லுக்கு இந்தப் புத்தி கிடையாது. மனிதனுக்கு உண்டு. அதனால்தான் மனிதனைப் பற்றிய அறிவியல் எதுவும் வரலாற்றை வாசலில் நிறுத்திவைக்க முடியாது.

1931-க்குப் பிறகு எல்லாச் சாதியையும் எண்ணி வெளியிட்ட முழுக்கணக்கு நாட்டில் இல்லை. வரும் 2027 கணக்கெடுப்பில் சாதியையும் கேட்கப்போகிறார்கள். அது வேண்டும் என்பது என் கருத்து. இட ஒதுக்கீட்டுக்கும் நலத்திட்டத்துக்கும் கணக்கு இல்லாமல் எப்படி? ஆனால் ஒன்று சொல்லிவைக்கிறேன். அந்த எண்கள் வெளியான அன்றே நம் குழுக்களில் 'நாங்கள்தான் பெரும்பான்மை, எங்கள் பாட்டன்தான் ஆண்டான்' என்று படம் போட்டு வரும். பெயர்கள் எப்படிச் சேர்ந்தன, எந்த உட்பிரிவு எப்போது எதில் கலந்தது என்று கேட்கத் தெரிந்தவன் மட்டுமே அன்று ஏமாறாமல் இருப்பான்.

டேட்டாவுக்கு நான் எதிரி என்று யாரும் நினைக்க வேண்டாம். வரலாற்றாசிரியர்களுக்குத்தான் எண்ணத் தெரியாது என்று நினைப்பவர்களுக்கு இரண்டு எடுத்துக்காட்டு. டி. டி. கோசாம்பி தொழிலால் கணித அறிஞர். பழைய முத்திரைக் காசுகளை ஒவ்வொன்றாக எடை போட்டுப் புள்ளியியல் முறையில் ஆராய்ந்தார். 1956-இல் அவர் எழுதிய இந்திய வரலாற்று அறிமுக நூல் இந்திய வரலாறு எழுதும் முறையையே திருப்பியது. இன்னொருவர் ஜப்பானிய அறிஞர் நொபோரு கராஷிமா. அவரும் நம் எ. சுப்பராயலுவும் தொரு மட்சுயியும் சேர்ந்து சோழர் கல்வெட்டுகளில் வரும் ஆட்பெயர்களையெல்லாம் தொகுத்து அகராதிபோல 1978-இல் வெளியிட்டார்கள். எந்தப் பட்டம் எந்தக் காலத்தில் எத்தனை முறை வருகிறது, யார் பெயரில் நிலம் இருக்கிறது, எப்போது தனியார் நிலம் கூடுகிறது என்று பார்க்க அது வழி செய்தது. ராஜராஜன் பெரிய கோயில் கட்டினான் என்று பெருமை பேசத் தொகுப்பு எதுவும் தேவையில்லை. அந்தக் காலத்தில் உழுதவன் யார், நிலம் யாருடையது என்று கேட்டவர்களுக்குத்தான் பெயர்களை எண்ண வேண்டியிருந்தது.

பிரான்ஸில் மார்க் பிளாக்கும் லூசியன் ஃபெவ்ரும் 1929-இல் ஒரு இதழ் தொடங்கியபோது அதன் பெயரிலேயே பொருளாதாரத்தையும் சமூகத்தையும் சேர்த்து வைத்தார்கள். மன்னன் பட்டியலும் போர்த் தேதியும் மட்டும் வரலாறு ஆகாது. விளைச்சல், விலைவாசி, நிலம், தட்பவெப்பம், நம்பிக்கை எல்லாம் வரலாறுதான் என்பது அவர்கள் வாதம். அதே வேலையை நம் ஜில்லாவுக்கு ஓர் அமெரிக்கர் செய்தார். டேவிட் லட்டன் 1985-இல் வெளியிட்ட தென்னிந்திய உழவர் வரலாறு முழுக்க முழுக்கத் திருநெல்வேலியைப் பற்றியது. தாமிரபரணிப் பாசனம் உள்ள நன்செய்ப் பகுதி, குளத்துப் பாசனமும் மானாவாரியும் கலந்த பகுதி, கரிசலும் செம்மண்ணுமான புன்செய்ப் பகுதி என்று பிரித்துக் காட்டி, எந்த மண்ணில் எந்த வகை நில உடைமையும் அதிகாரமும் சாதி உறவும் வேர்விட்டன என்று விளக்கினார். ஆற்றங்கரையில் பிரமதேயமும் வேளாளர் ஊரும் அமைந்ததற்கும், வடக்கே புன்செய்யில் பாளையங்கள் எழுந்ததற்கும் ரத்தத்தின் உயர்வு தாழ்வு காரணமில்லை. தண்ணீர் காரணம், வாய்க்காலைக் கட்டுப்படுத்தியவன் கை காரணம் என்று புரியும்போது, குலப்பெருமை வீடியோவுக்கு அடியில் இருக்கும் மேடையே சரிந்துவிடுகிறது. பூகோளம் தெரியாத சரித்திர வாத்தியாரால் இதைச் சொல்லிக்கொடுக்க முடியாது.

மறுபக்கமும் பாருங்கள். சமூக அறிவியலுக்கு வரலாறு என்ன தருகிறது? சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியராக 1915-இல் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி நிலம், கூலி, கடன், சாப்பாடு, ஆடு மாடு எல்லாவற்றையும் எழுதிவரச் சொன்னார். 1918-இல் அது நூலாக வந்தது. அதில் ஓர் ஊர் நம் கங்கைகொண்டான். இப்போது சிப்காட் இருக்கிறதே, அதே ஊர்தான். 1936-37-இல் பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அந்த ஊர்களுக்கே மறுபடி ஆள் அனுப்பினார்கள். 1961-இல் மார்கரெட் ஹாஸ்வெல் போனார். பிறகும் ஆய்வாளர்கள் போனார்கள். அந்த வரிசையில் உள்ள இருவேல்பட்டின் கதையை ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் மூவரும் 1916 முதல் 2008 வரை கொண்டுவந்து எழுதினார்கள்.

ஒரே ஒரு முறை எடுத்த கணக்கு என்ன சொல்லும்? இன்னாருக்கு நிலம் இருக்கிறது, இன்னாருக்கு இல்லை என்று சொல்லும். அதைப் பார்த்து 'இவர்கள் எப்போதும் இப்படித்தான், உழைக்க மாட்டார்கள்' என்று திண்ணைப் பேச்சுப் பேசலாம். நூறு ஆண்டுக் கணக்கு வேறு கதை சொல்கிறது. பெரிய நிலக்கிழார் வீட்டின் பிடி எப்படித் தளர்ந்தது, பண்ணையை நம்பி இருந்தவர்கள் எப்படி வெளி வேலைக்குப் போனார்கள், எது மாறியது, எது மாறவே இல்லை என்று காட்டுகிறது. 'எப்போதும் இப்படித்தான்' என்று சொல்கிறவனின் வாயை அடைக்க வரலாற்றைவிட நல்ல மருந்து இல்லை.

நம் வாசலிலேயே இன்னொரு பாடம் இருக்கிறது. தென்காசியும் குற்றாலமும் சென்னை மாகாணத்தில் இருந்தன. கூப்பிடு தூரத்தில் உள்ள செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது. இருபுறமும் ஒரே தமிழ், ஒரே சாதிகள், அதே சாரல். 1936 நவம்பர் 12-இல் திருவிதாங்கூர் மன்னர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் செய்தார். இந்தப் பக்கம் 1939 சட்டமும் 1947 சட்டமும் வர வேண்டியிருந்தது. அதாவது தீண்டாமை எங்கள் பண்பாடு, அதைத் தொடவே முடியாது என்று சொன்ன அதே மக்கள், எல்லைக்கு அந்தப் பக்கம் அரசு ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டதும் மாற வேண்டியதாயிற்று. பண்பாடு எவ்வளவு, அரசு எவ்வளவு என்று அளந்து பார்க்க இதைவிட நல்ல இடம் ஏது? சமூகவியலாளர் கேட்கும் ஒப்பீட்டை வரலாறு தானாகவே நமக்கு நடத்திக் காட்டியிருக்கிறது. கேரளம் ஏன் படிப்பில் முந்தியது என்று டேட்டாவைக் கேட்டால், முந்தியது என்று மட்டும் சொல்லும். 1817-இலேயே திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று ஆணையிட்டதை வரலாறுதான் சொல்லும்.

சரி, இதெல்லாம் படித்தவர்கள் பேசிக்கொள்ளும் விஷயம், நமக்கென்ன என்று கேட்பீர்கள். இனிமேல் எழுதுவதைக் கவனமாக வாசியுங்கள்.

நம் தென்காசி, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் கையில் சாதிக்கு ஒரு நிறத்தில் கயிறு கட்டுவது எல்லாருக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், பதினேழு வயதுப் பையனை உடன் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். அதன்பின் அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு கூடாது, நெற்றிப்பொட்டில் சாதி அடையாளம் கூடாது, பள்ளிப் பெயரில் சாதி கூடாது என்று பல பரிந்துரைகள். நல்லவைதான். ஆனால் கயிற்றை அறுத்துவிட்டால், அது மனதுக்குள் கட்டிய கயிற்றை யார் அறுப்பது?

அந்தக் கயிற்றைக் கட்டுவது யார்? செல்போனில் வரும் மூன்று நிமிட 'வரலாறு'. பின்னணியில் பறை, சிங்கத்தின் படம், வாள், 'ஆண்ட பரம்பரை' என்ற எழுத்து. எல்லாச் சாதிக்கும் ஒரு வீடியோ இருக்கிறது. எல்லாரும் ஆண்டிருந்தால் ஆளப்பட்டவன் யார் என்று ஒரு பையனும் கேட்பதில்லை. கேட்கப் பழக்கவில்லை நாம். வகுப்பில் அவனிடம் நாம் கேட்பது காலக்கோடு. ஐந்து ஆண்டு, ஐந்து நிகழ்ச்சி, ஐந்து மதிப்பெண். புத்தகத்தின் பின்பக்க வினாவை மனப்பாடம் செய்தால் தேர்ச்சி. சமூக அறிவியல் என்று ஒரே அட்டைக்குள் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கையும் வைத்துத் தைத்திருக்கிறோம். தையல் அட்டையோடு சரி. பாடங்களுக்குள் தையல் இல்லை. பஞ்சத்தை வரலாற்றில் படிக்கிற பையன், விலைவாசியைப் பொருளியலில் படிக்கிறான், மழையைப் புவியியலில் படிக்கிறான். மூன்றும் ஒன்றுதான் என்று அவனுக்கு யாரும் சொல்வதில்லை. வரலாறு ஆசிரியர் பொருளியலைத் தள்ளிக்கொண்டு போகிறார், புவியியல் ஆசிரியர் வரலாற்றைத் தள்ளிக்கொண்டு போகிறார். பதினொன்றாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்தவர்களுக்கு வரலாறு குரூப். பெற்றோரும் உறவினருமாகிய நீங்களும்தான் அதைக் 'கடைசி குரூப்' ஆக்கினீர்கள். நீங்கள் காலி செய்த இடத்தில் இப்போது யூடியூப் வாத்தியார் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குச் சம்பளமும் வேண்டாம், சான்றும் வேண்டாம்.

இந்த வீடியோக்களிடம் நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று. உங்கள் முன்னோர் ஆண்டது உண்மையென்றே வைத்துக்கொள்வோம். அதனால் இன்று உங்களுக்கு என்ன கூடுதல் உரிமை? ஆளவில்லையென்றே வைத்துக்கொள்வோம். அதனால் என்ன குறைவு? கமுதி வழக்குக் காலத்தில் நாடார்கள் தாங்கள் பாண்டிய குலத்தவர், சத்திரியர் என்று நூல்கள் எழுதி வாதாடினார்கள். அன்று அவர்களுக்கு வேறு வழி விட்டுவைக்கப்படவில்லை. நீதிமன்றத்தில் அந்த வாதம் தோற்றது. ஜெயித்தது எது? உறவின்முறை, மகமை, வீட்டுக்கு வீடு பிடியரிசி எடுத்து நடத்திய பள்ளிக்கூடம், வியாபாரம், பிறகு ஓட்டு. அரசியல் அறிவியலாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் எழுதிய நாடார்கள் பற்றிய நூல் இதைப் படிப்படியாகக் காட்டுகிறது. அரசியல் அறிவியல் படித்தவர், ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து வரலாற்றாசிரியராக மாற வேண்டியிருந்தது. ஒரு சமூகம் எப்படி மேலே வந்தது என்பதை ஒரு பிள்ளை இப்படிப் படித்தால், அவன் கற்றுக்கொள்வது சேர்ந்து உழைப்பதும் படிப்பதும். பாண்டியன் படத்தோடு வரும் வீடியோவில் அவன் கற்றுக்கொள்வது அரிவாளை எங்கே வைப்பது என்பது. கோயிலுக்குள் போவதற்கு ஒருவன் மனிதனாக இருந்தால் போதும், பாண்டியனாக இருக்க வேண்டியதில்லை. இது அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு சொல்வது. குடிமையியல் பாடத்தில் இருக்கிறது. வரலாற்றுப் பாடத்துக்கு அடுத்த பக்கம்தான்.

ஆகவே என் மாணவர்களுக்கும் உறவினர்களுக்கும் சில வேண்டுகோள்கள். வேண்டுகோள் என்று எழுதினாலும் பழைய பழக்கத்தில் வீட்டுப்பாடம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: வரலாறு என்று எது வந்தாலும் அனுப்புமுன் கேளுங்கள். இது நடந்தது என்பதற்குச் சான்று என்ன? நடக்கவில்லையென்றால் இந்தக் கதை யாருக்கு, எதற்குத் தேவைப்படுகிறது? இரண்டுக்கும் பதில் தெரியாவிட்டால் விரலை எடுத்துவிடுங்கள்.

இரண்டு: எண் எது வந்தாலும் கேளுங்கள். எப்போது எண்ணியது, எந்த எல்லைக்குள், யார் வைத்த பெயரில்?

மூன்று: இப்போது ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு. பாடத்திட்டம் மாறும் வரை காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளை ஊருக்குள் அனுப்புங்கள். எந்தக் குளம் எப்போது வெட்டியது, மடை யார் கையில் இருந்தது, பள்ளியில் முதல் பெண்பிள்ளை எந்த ஆண்டு சேர்ந்தாள், எந்தத் தெருவுக்குக் குடிநீர்க் குழாய் கடைசியாக வந்தது என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள். பாட்டி சொன்னதைப் பாட்டி சொன்னதாகவே எழுதட்டும். பத்திரத்தில் உள்ளதைப் பத்திரத்தில் உள்ளதாக எழுதட்டும். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் கோடு போட்டு வைக்கட்டும். அருவிக்கரையில் எந்தக் காலத்தில் யார் குளித்தார்கள், யார் ஒதுங்கி நின்றார்கள் என்பதையும் ஊரில் எண்பது தொண்ணூறு வயதானவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவையுங்கள். ஆஷ் துரை வண்டியோட்டினாரா என்று நூறாண்டு சண்டை போட்டவர்கள், பக்கத்து வீட்டுத் தாத்தாவிடம் அதைக் கேட்கவில்லை என்பதுதான் வேடிக்கை.

நான்கு: மருமகனுக்குத் தனியாக. உங்கள் மகள் அடுத்த வருடம் பதினொன்றாம் வகுப்பு. அவள் வரலாறு குரூப் கேட்டால் முகத்தைச் சுளிக்காதீர்கள். கணினியும் எண்ணும் உங்களிடம் கற்றுக்கொள்ளட்டும். அந்த எண் யாரைப் பற்றியது என்று கேட்க வரலாற்றில் கற்றுக்கொள்ளட்டும். இரண்டும் தெரிந்த பிள்ளையை ஏமாற்றுவது கஷ்டம்.

கருத்து வேறுபாடு உள்ளவர்கள் கீழே எழுதலாம். எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறீர்கள் என்று முதல் வரியில் குறிப்பிடவும். சாதிப்பெயர் சொல்லித் திட்டினால் நீக்குவேன். அது யாராக இருந்தாலும், எந்தப் பக்கமாக இருந்தாலும். குழுவிலிருந்து வெளியேறிய இருவரும் திரும்பி வாருங்கள். நீக்கப்பட்ட தம்பியை அட்மின் மறுபடி சேர்க்க வேண்டும் என்பது என் விருப்பம்.

அன்புடன்,
உங்கள் சார்,
இலஞ்சி